லொறி சீதனமல்ல

ஓமந்தை
21.03.1982

அன்புள்ள மகன் குகதாசனுக்கு அம்மா எழுதுவது,

பிள்ளையார் துணையால் எனக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை, குளிருக்குள் கிடக்கிற உனக்கும் ஒரு நோய் நொடி வரக்கூடாது என்று விளக்கு வைக்கும் நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மாசி மாதக் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. உடனே பதில் எழுதியிருந்தால் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதியிருப்பேன், அதனால்தான் சுணங்கினேன். சொந்த மருமகனைக் கந்தோர் விசாரணையில் நிறுத்தி ஊர் சிரிக்க வைத்துவிட்டீர்களே அம்மா, அக்காவின் முகத்தையாவது பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். மயில்வாகனம் அத்தான் உனக்கு எழுதியதை வாசித்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறாய். உன்னிலும் பிழையில்லை, ஜேர்மனியில் இருக்கிறவனுக்கு யார் முதலில் எழுதுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் கதை. இனி அம்மா சொல்வதையும் கடைசி வரை வாசி, வாசித்த பிறகு உன் மனம் சொல்வதை எழுது.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அடுத்த கிழமையே வவுனியாப் போக்குவரத்துக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. லொறி ஓடுகிற அனுமதிப் பேமிற் யாருடைய பெயரிலோ அவர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் பேமிற்றை வேறு பெயருக்கு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் லொறி கூலிக்குச் சாமான் ஏற்றக்கூடாது என்று இருந்தது. நான் சொந்தக்காரர் பெயர் இருக்கிற லொறிப் புத்தகத்தை முதலில் என் பெயருக்கு மாற்றிக்கொண்டு, றைவர் பழனியாண்டியையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். அந்தக் கந்தோரில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மா, றோட்டிலை லொறியை மறிச்சால் ஆர் வந்து பதில் சொல்லுறது, நீங்களோ, ஆரும் ஒரு ஆம்பிளையின்ரை பேரைத் தாங்கோ என்றார். லொறி என்னுடையது என்று புத்தகத்தைக் காட்டினேன். புத்தகம் வேறை பேமிற் வேறை என்றார். அப்படியென்றால் பன்னிரண்டு வருடமாக இந்த லொறியை ஓட்டுகிற பழனியாண்டியின் பெயரைப் போடுங்கள் என்றேன். பக்கத்து மேசைக் கிளாக்கர் சிரித்தார். தோட்டத்து ஆள், பிரஜாவுரிமை இல்லை, அவனுக்குச் சைக்கிள் லைசென்ஸ் குடுக்கிறதெண்டாலும் யோசிக்க வேணும் என்றார். பழனியாண்டி அங்கேதான் நின்றான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, விடுங்கம்மா, பேரு யாரோடதா இருந்தா என்னா, ஓட்டுறது நாந்தானே என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அன்றிரவே உனக்கு எழுதினேன். அத்தான் இருக்கிறார்தானே அம்மா, அவரின்ரை பேரிலை போடுங்கோ, வீட்டுக்குள்ளைதானே என்று நீ பதில் எழுதினாய். நான் கையெழுத்து வைத்தேன். உன் இரஞ்சிதம் அக்காவின் புருஷன், எனக்கும் பிள்ளை மாதிரி, வேறு யாரை நம்புவது.

முதல் வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, உள்ளதைச் சொல்ல வேண்டும். நெல் ஏற்றிப் போகும், வரும்போது சீமெந்தும் ஓடும் ஏற்றி வரும், லொறி நம்முடைய வளவுக்குள்தான் நிற்கும். பிறகு ஒரு நாள் அத்தான் வவுனியாவிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டி வந்தார். பேமிற்காரரின் பெயர் கதவில் இருக்க வேண்டும் என்பது சட்டமாம். அப்பாவின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு சி. மயில்வாகனம் என்று மஞ்சளில் எழுதினார்கள். அந்தப் பெயிண்டருக்கு நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அத்தானின் வாயில் எங்கடை லொறி என்ற பேச்சு என்ரை லொறி என்று மாறியது. விடிய வெள்ளணப் புறப்பட வசதி என்று சொல்லி லொறியைக் கனகராயன்குளத்தில் தன் வளவுக்குக் கொண்டுபோனார். போன வருடம் சூடு அடித்து நெல்லைக் களத்தில் குவித்து வைத்துக்கொண்டு, லொறியை அனுப்பச் சொல்லி நான் ஆள் விட்டேன். மற்ற ஆக்களும் நிக்கினம், மாமியை வரிசையிலை வரச் சொல்லுங்கோ என்று சொல்லி அனுப்பினார். நான்காம் நாள் மழை கொட்டியது. மூடின படங்குக்குக் கீழே தண்ணீர் போய் அடி நெல் முளைவிட்டது. என் நெல்லை ஏற்ற என் லொறி வரவில்லை குகன், நான் களத்து மூலையில் குந்தியிருந்து முளைத்த நெல்லைக் கையால் அள்ளி வேறாக்கினேன்.

அதைக்கூடப் பொறுத்தேன். ஆவணியில் ஒரு நாள் பழனியாண்டி சைக்கிளில் வந்து வாசலில் நின்றான், உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டில் வெட்டிய முதிரை மரக் குற்றிகளை அடியில் அடுக்கி, மேலே வைக்கோல் போட்டுக் கொண்டுபோகச் சொன்னார்களாம். மரத்துக்கு அனுமதித் துண்டும் இல்லை. இவன் மாட்டேன் என்றிருக்கிறான். நின்ற இடத்திலேயே லொறித் திறப்பை வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் அத்தான். அய்யா இருக்கையில ஒரு வெறகுக் கட்டகூட கள்ளத்தனமா ஏத்துனதில்லம்மா, மாட்டுனா அவரு காசக் கட்டி வெளிய வந்துருவாரு, எனக்கு எந்த நாட்டுக் காயிதமும் இல்ல, என்னய எங்க கொண்டுபோய்ப் போடுவாங்களோ என்று சொல்லி அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அப்பாவின் செத்தவீட்டன்றும் அன்றும்தான். அடுத்த நாளே கனகராயன்குளத்துக்குப் போனேன். அக்கா கதிரை எடுத்துப் போட்டாள், சோறு போட்டாள், பக்கத்தில் வந்து நிற்காமல் குசினிக்குள்ளேயே நின்றாள். அத்தானிடம் நான் சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி, மரம் ஏத்தாதையுங்கோ, பிடிபட்டால் லொறி போயிடும், பழனியாண்டியைத் திருப்பி எடுங்கோ என்று மட்டும் கேட்டேன். அவர் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, மாமி, பேமிற் ஆரின்ரை பேரிலையோ அவர்தான் முதலாளி, நம்பாட்டில் கந்தோரிலை போய்க் கேட்டுப் பாருங்கோ என்றார். கேட்டுப் பார்த்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

தபாற்கந்தோர் வாசலில் இருக்கிறவரைக் கொண்டு ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டேன். லொறி என்னுடையது, பேமிற் பெயருக்கு மட்டுமே மருமகனிடம் இருக்கிறது, அதை என் பெயருக்குத் தாருங்கள் என்று எழுதினோம். கார்த்திகையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீ எழுதிய அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனால் நல்ல சாட்சி என்று பெட்டிசம் எழுதியவர் சொன்னார், அதில் அத்தானின் பெயரை ஏன் போட்டோம் என்று உன் கையாலே இருக்கிறது. அது இப்பவும் அலுமாரிக்குள் இருக்கிறது. அதைக் கொண்டுபோகவில்லை. இரண்டு பிள்ளைகளையும் அந்த மேசையில் எதிரெதிராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் அத்தான் அக்காவைக் கூட்டி வந்திருக்கிறார். ஏழு மாத வயிற்றோடு, அப்பா எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையோடு வாங்கிலில் இருக்கிறாள். பெரியவர் அவளிடம், லொறி ஆரின்ரை என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, ஓம் ஐயா, அம்மா எனக்குச் சீதனமாத் தந்தவா, புத்தகம் மாத்தத்தான் அலுப்பிலை விட்டிட்டா என்றாள். பாடமாக்கின பிள்ளை ஒப்புவிப்பது போலச் சொன்னாள்.

உனக்கு நான் ஒன்றையும் ஒளிக்கப் போவதில்லை. அக்காவின் கலியாணத்துக்கு வீடு கட்டி முடியவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தபோது, லொறியும் பிறகு பிள்ளையளுக்குத்தானே என்று அப்பா ஒரு சொல் சொன்னது உண்மை. பிள்ளைகளுக்கு என்றால் உனக்கும்தான், அக்காவுக்கும்தான். கொடுத்தேன் என்று அவர் சொல்லவில்லை, எழுதவுமில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் அத்தான் இவ்வளவு காலமும் பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறார். பெரியவர் என் பக்கம் திரும்பி, மகள் சொல்லுறது சரியோ அம்மா என்று கேட்டார். ஓம் என்றால் லொறியும் போய்விடும், நாளைக்கு முதிரையோடு பிடிபட்டால் புத்தகத்தில் பெயர் இருக்கிற நான்தான் மறியற்சாலைக்குப் போக வேண்டும். இல்லை என்றால் என் வயிற்றில் பிறந்தவள் கந்தோர் கேட்க ஒரு பொய்காரி. நான், இல்லை ஐயா, அவள் சொல்லுறது பொய் என்றேன். இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கடைசிச் சொல்லை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். அத்தான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

தீர்ப்பைக் கேள். லொறிச் சொந்தக்காரர் ஒருவர், பேமிற்காரர் வேறொருவர், இது சட்டத்துக்கு மாறு, ஆகவே பேமிற்றை ரத்துச் செய்கிறோம் என்றார் பெரியவர். ஆம்பிளையின் பெயரைக் கொண்டு வா என்று சொன்ன அதே பெரியவர், அதே கதிரையில் இருந்துகொண்டு சொன்னார். அப்ப என்ரை பேரிலை புதிசாத் தாங்கோ என்றேன். மாவட்டத்துக்கு இவ்வளவு லொறிதான் என்று ஒரு அளவு இருக்கு அம்மா, எழுதிப் போடுங்கோ, இடம் வந்தாச் சொல்லுறம் என்றார். எழுதிப் போட்டேன். தை மாதம் போய்க் கேட்டபோது, ரத்தான நம்முடைய இடத்தை வவுனியாவில் ஏற்கெனவே நாலு லொறி வைத்திருக்கிற ஒரு மில்காரருக்குக் கொடுத்தாயிற்று என்று கிளாக்கர் சொன்னார். இப்போது நான் வென்றேனா அத்தான் வென்றாரா என்று நீயே சொல். லொறியைத் திருப்பி விடச் சொல்லி உத்தரவு வந்தது, ஒரு விடியற்காலை ரயில் கடவைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பற்றறி இல்லை, நல்ல ரயர்களைக் கழற்றிவிட்டு நூல் தெரிகிற ரயர்களைப் பூட்டியிருந்தார்கள். நானும் பழனியாண்டியும் ஒரு உழவு மிசின் பிடித்து இழுத்து வந்தோம். கடைக்காரர் எல்லாரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

இரண்டு மாதம் முற்றத்தில் நின்றது. அறுவடை தொடங்கியது, ஊரான் லொறியைக் கூலிக்குப் பிடித்து அதைக் கடந்துதான் என் நெல்லை ஏற்றினேன். மாசிக் கடைசியில் முல்லைத்தீவு மஹ்றூப் நானா வந்தார். அவர் கருவாடு ஏற்றுகிற லொறி உடைந்து கிடக்கிறது, பேமிற் மட்டும் கையில் இருக்கிறது. விலையெல்லாம் பேசிய பிறகு, பழனியாண்டியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே, அக்கா, லொறியை எங்கையும் வாங்கலாம், இப்பிடி ஒரு றைவர் கிடைக்கமாட்டார், அவர் வந்தால்தான் லொறியும் வேணும் என்றார். பிற மனிதன் இப்படிச் சொல்கிறான். கொடுத்துவிட்டேன். பழனியாண்டியும் பெண்சாதி ராக்காயியும் பிள்ளைகளும் தட்டுமுட்டுச் சாமானோடு அதே லொறியில் ஏறி முல்லைத்தீவுக்குப் போய்விட்டார்கள். ராக்காயி காலில் விழுந்து கும்பிட்டாள், தூக்கி நிறுத்தினேன். இப்போது வளவில் நானும் பசுவும்தான். பசு போன கிழமை நாகு கன்று ஈன்றது, பால் குடிக்கத்தான் ஆளில்லை. லொறி வித்ததில் உன் பங்கு தபாற்கந்தோர்ப் புத்தகத்தில் உன் பெயரில் கிடக்கிறது, அக்காவின் பங்கு அவள் பெயரில் கிடக்கிறது. இது அத்தானுக்குத் தெரிய வேண்டியதில்லை.

உனக்கும் அங்கே இருப்பதற்கு ஒரு அனுமதித் துண்டு வேண்டும், அதைத் தவணைக்குத் தவணை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதை ஒருவரின் கையிலும் கொடுத்து வைக்காதே, கூட இருக்கிற பொடியன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் கொடுக்காதே. விளங்காத பாஷையில் கையெழுத்துக் கேட்டால் வாசித்துச் சொல்ல ஒரு ஆளைப் பிடி. ஹோட்டல் குசினியில் வெந்நீருக்குள் நின்றுவிட்டு உடனே குளிருக்குள் இறங்காதே, அப்பாவுக்கு நெஞ்சுச் சளி அப்படித்தான் பிடித்தது. அத்தானுக்கும் எனக்கும் சமாதானம் பேச நீ ஒருவரையும் அனுப்ப வேண்டாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லி எனக்கு எழுதவும் வேண்டாம், அவருக்கு எழுதவும் வேண்டாம்.

அக்காவுக்குத் தை மாதம் பெண் பிள்ளை. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, பஸ் கொண்டக்டர் சொல்லித்தான் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு என்று பத்தியச் சரக்கு இடித்து ஆளிடம் கொடுத்துவிட்டேன், கட்டிய கட்டு அவிழாமல் திரும்பி வந்தது. இங்கேயிருந்து கனகராயன்குளம் பன்னிரண்டு கட்டை தூரம், பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். என்னால் ஏற முடியவில்லை, அவளும் ஏறமாட்டாள்.

எந்தக் கந்தோரின் தயவும் இல்லாமல் உன் காலில் நீ நிற்க வேண்டும், போன காரியம் கைகூடி முகமலர்ச்சியோடு திரும்பி வர வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அக்காவுக்கு ஒரு கடிதம் போடு. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள், பால் குடிக்கிறதா, யாருடைய சாயல் என்று கேள். அம்மா கேட்கச் சொன்னா என்று எழுதிவிடாதே, நீயாகக் கேட்பது போலக் கேள். அவள் எழுதுகிற பதிலை அப்படியே எனக்கு எழுது.

உன் கடிதத்தைப் பார்த்திருக்கும்
அம்மா
வீ. கமலேஸ்வரி