துவக்கு லைசனும் கலியாணச் சாப்பாடும்

ராத்தா,

இன்று உக்குவளையில் ஒரு கலியாணம். மணப்பெண்ணுக்குப் போடும் நகைப்பெட்டியை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். உங்கள் தோல் பையின் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. கைத்துவக்கு, அந்தச் சின்னத் துப்பாக்கி, வைத்திருந்த பை. நீங்கள் மண்ணுக்குள் போய் இரண்டு நோன்பு கடந்தும் அந்த வாடை போகவில்லை. அதற்கும் உங்கள் பிடிவாதம்தான்.

மச்சான் மவுத்தாகி நீங்கள் விதவையான பிறகு அக்கா தங்கை நம் இருவருக்கும் சோறு போட்டது மணப்பெண் சோடனை. வாடகைக்குப் போட்டுவிடும் நகைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். நாலந்தாப் பாதையில் ஒருவன் கத்தியைக் காட்டி ஒரு பெட்டியைப் பறித்தான், உங்கள் மணிக்கட்டையும் கிழித்துவிட்டுப் போனான். இன்னொரு முறை இப்படி நடந்தால் எந்த வீட்டிலும் நம்மைப் படியேற்றமாட்டார்கள், பிழைப்பு அதோடு முடிந்தது. அதனால்தான் உடம்போடு மறைத்துக் கொண்டுபோக ஒரு கைத்துவக்குக்கு லைசன் கேட்டு மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்குப் போனீர்கள்.

கொடுப்பதும் கொடுக்காததும் அங்கிருந்த துரையின் இஷ்டம். சட்டமே அப்படி. தோட்டத்துத் துரைமார் கேட்டால் காரணம் வேண்டாம், நாம் கேட்டால் எந்தக் காரணமும் போதாது.

"கள்வன்தான் கொண்டுபோயிட்டானே, இனிக் காக்க என்ன இருக்கு?" என்றார்.

மீதி நகை இருக்கிறது என்றீர்கள்.

"அதை இன்னும் யாரும் பறிக்கல்லையே, அப்ப என்ன ஆபத்து?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்களோ வாங்குப் பலகையை விட்டு எழும்பவில்லை. கடைசியில், பயமென்றால் பொலிஸில் துணை கேட்டுக்கொள் என்று துரை எரிந்து விழுந்தார். உங்கள் முகம் மலர்ந்தது.

வெளியே வந்ததும், "துரையே வழி செல்லிட்டாரு. வா பொலிசுக்கு," என்றீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு கலியாணத்துக்கும் முதல் நாள் ஸ்டேஷனில் போய் நின்றோம். துரை சொன்னார் என்றால் மறுக்க முடியுமா? ஒரு பொலிஸ் ராளாமி காவலுக்கு வந்தார். நம் ஆட்களைத் தெரியுமே, நகையோடு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் பெண் வீட்டுக்கு இழுக்கு. ராளாமியைப் பிடித்து, பலர் சேர்ந்துண்ணும் ஸஹன் தட்டில் மற்றவர்களோடு உட்காரவைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் சோற்றைக் குவித்து, வட்டலப்பமும் வைப்பார்கள். திரும்பும்போது பஸ்ஸில் காவலுக்கு வந்தவர் உறங்க, நாம்தான் அவருடைய தொப்பியைக் காத்தோம்.

அடுத்த கலியாணத்துக்கு யார் போவது என்று ஸ்டேஷனில் சண்டை மூண்டது. நோன்பு முடிந்து கலியாணங்கள் குவிந்தபோது உங்களோடு ஒருவர், என்னோடு ஒருவர். இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்தார்.

"நோனா, என்ட ஆக்கள் டியூட்டிக்குப் போறாங்களா, விருந்துக்குப் போறாங்களா?"

"நான் என்னத்தச் செய்ய சேர்? துரைட கட்டளை. லைசன் ஈந்தா உங்களுக்கு ஏன் கரச்சல் தாறேன்?"

இன்ஸ்பெக்டரே கச்சேரிக்கு நடந்தார். அந்த வாரமே நம்மைக் கூப்பிட்டார்கள். துரை பேனாவை அழுத்திக் கையெழுத்திட்டுவிட்டு, "சுடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நீங்க தந்தீங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சாப் போதும், துரை."

நாம் சிரித்துக்கொண்டே படியிறங்கினோம். அன்று மாத்தளைத் தெருவே நம்முடையதாக இருந்தது! வாசலில் நின்ற ராளாமியின் முகம் மட்டும் வாடிக் கிடந்தது.

மறைத்து வைக்கவேண்டிய சாமானைப் பற்றி நீங்கள் சொல்லாத கலியாண வீடு இல்லை. ஒரு நாளும் சுடவில்லை, சுடவும் தெரியாது. கலவர வருஷத்தில் அரசாங்கம் துவக்குகளைத் திருப்பிக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் கொடுத்தீர்கள். பையைக் கேட்டார்கள். "பைக்கு லைசன் இல்லையே," என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

இப்போது அதற்குள் உங்கள் சீப்பும் கொண்டை ஊசிகளும் இருக்கின்றன. பையின் முனை வெளியே தெரிய இடுப்பில் செருகிக்கொண்டுதான் பஸ் ஏறப் போகிறேன். இன்றுவரை ஒருவனும் கிட்ட வரவில்லை, ராத்தா.