ஐம்பது கிலோ, ஐந்து தடவை

சிங்கப்பூர்
13-3-1988, ஞாயிறு

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா எழுதுவது. தேவதாயின் தயவால் இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே கொலராடோவில் நீயும், அக்டோபரில் உடைந்த உன் காறை எலும்பும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். எலும்பு உடைந்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கடை முகவரிக்கு எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். அழுகின வெங்காயத்தை மூட்டையின் அடியில் போட்டு விற்கிறவன் நான் அல்ல, அதனால் இதை முதலில் எழுதுகிறேன். இன்னொன்றும் உண்டு. நீ மே மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா டிக்கெட் போடச் சொன்னாள், போட்டேன். மலையிலிருந்து இறங்குகிற உன் சைக்கிள் பந்தயம் ஜூலையில் என்பது எனக்குத் தெரியும். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நடந்தது இதுதான். மலையில் பனி உருகும்வரை சைக்கிள் ஓட்ட முடியாது, அதுவரை ஜிம்மில் எடை தூக்கி உடம்பைத் தயார் செய்கிறேன் என்று ஜனவரியில் எழுதி, உன் பயிற்சியாளர் டைப் அடித்துக் கொடுத்த தாளின் நகல் ஒன்றையும் வைத்திருந்தாய் அல்லவா. கடிதத்தைக் கடையில் வைத்துப் பூட்டிய நான் தாளை மட்டும் சட்டைப்பையில் மறந்துவிட்டேன். துவைக்கப் போன அம்மா கையில் அது கிடைத்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாதே, மூன்றாம் மாடிப் பூவம்மாவிடம் கொண்டுபோயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறாளே, அந்தப் பூவம்மாதான். அவளும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறாள். திங்கள்கிழமை தரையிலிருந்து ஐம்பது கிலோ தூக்கு, ஐந்து தடவை, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடியும் ஐந்து. புதன்கிழமை கைக்கு இருபது கிலோ பிடித்து நாற்பது மீட்டர் நட, இறக்கி வை, திரும்ப எடு. வெள்ளிக்கிழமை சுமையோடு பெட்டிமேல் ஏறு, இறங்கு. வாசித்து முடித்துவிட்டு, அக்கா, இதுல படிப்புன்னு ஒரு எழுத்து கூட இல்ல லா, கிழமை இருக்கு, கிலோ இருக்கு, ரெஸ்ட்டு கூட ரெண்டே நிமிஷம்தான் குடுக்கறான், இது கூலி வேலை அட்டவணை மாதிரி இல்ல இருக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

உன் அம்மாவுக்குத் தெரிந்து ஐம்பது கிலோ தூக்கி, சுமையோடு நாற்பது மீட்டர் நடக்கிற ஆள் உலகத்தில் ஒருத்தன்தான், அது நான். கல்யாணமான புதிதில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருவேன், தோளில் சாக்கு ஒட்டின சட்டையை அவள்தான் வெந்நீர் விட்டுப் பிரித்தெடுப்பாள். ஆகவே நீ படிப்பை விட்டுவிட்டு அமெரிக்காவில் எங்கேயோ ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறாய், அது எனக்கும் தெரியும் என்று முடிவு செய்துவிட்டாள். நான்கு நாள் மீன் தலை எனக்கு வராமல் உன் தம்பி ஜார்ஜுக்குப் போனது, அவன் தேசிய சேவை ராணுவ முகாமிலிருந்து சனிக்கிழமைதான் வருவான் என்று தெரிந்தும் எடுத்து வைத்தாள். ஐந்தாம் நாள் தாளைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நீங்க தூக்கினது போதாதா, எம் பொண்ணும் தூக்கணுமா என்று கேட்டாள். கூலி வேலை இல்லை என்றால் சைக்கிள் என்று சொல்ல வேண்டும், சைக்கிள் என்றால் மலை, மலை என்றால் பலம் எதற்கு, பலம் என்றால் விழுந்த கதை. சாக்குத் தையலில் ஒரு நூலை இழுத்தது போல எல்லாம் வந்துவிட்டது. எப்போ உடைஞ்சது என்று மட்டும் கேட்டாள். அக்டோபர் என்றேன். இது பிப்ரவரி என்றாள். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து டிக்கெட் போடுங்க என்றாள்.

அன்றைக்கு அவள் சொன்னபடியே போட்டேன். ஆனால் பார்க்காத சரக்கை நல்லது என்றும் கெட்டது என்றும் நான் சொன்னதில்லை. அடுத்த திங்கள்கிழமை உன் தாளை எடுத்துக்கொண்டு நம் தெம்பனிஸ் சமூக மன்றத்து மாடியில் இருக்கிற ஜிம்முக்குப் போனேன். அங்கே சேதுபதி என்று ஒரு பையன் சொல்லிக்கொடுக்கிறான், ராணுவத்தில் பயிற்சி கொடுத்தவனாம், ஆள் என் உயரம் கூட இல்லை. மலை இறக்கச் சைக்கிள் பந்தயத்துக்கு என்று சொல்லித் தாளைக் கொடுத்தேன், இரண்டு தடவை படித்தான். எழுதினவருக்கு வேலை தெரியும் அங்கிள் என்றான். இறக்கத்தில் சைக்கிள் சீட்டில் உட்காரவே மாட்டார்கள், பெடல்மேல் நின்று, முழங்காலும் முழங்கையும் மடங்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள், ஒவ்வொரு கல்லும் கையிலும் காலிலும்தான் இடிக்கும், தொடையும் முதுகும் பிடியும் சோர்ந்தால் கடைசியில் பிரேக் பிடிக்கக் கை வராது, அதற்குத்தான் இந்தத் தூக்குவது நடப்பது எல்லாம் என்று நின்று காட்டினான். செங்குத்தான இடத்தில் விழவில்லை, பாதை முடிய இருந்த இடத்தில், லேசான இறக்கத்தில் விழுந்தேன் என்று நீ எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது. துறைமுகத்திலும் முதல் மூட்டையோடு யாரும் கப்பலுக்கு ஏறும் பலகையிலிருந்து விழுந்ததில்லை. சாயங்காலம், இன்னும் நான்கைந்து மூட்டைதான் என்கிறபோது விழுவார்கள். நானும் ஒரு தடவை விழுந்தேன். உன் அம்மாவிடம் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அது மட்டும் இன்னும் அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்ல வேண்டாம்.

பிறகு சேதுபதி என்னை முப்பது கிலோ எடுக்கச் சொன்னான். ஒரு காலத்தில் நூறு கிலோ அரிசி மூட்டை தூக்கினவன் நான், சிரித்துக்கொண்டே குனிந்தேன். அங்கிள், ஸ்டாப், ஸ்டாப், இப்படித் தூக்கித்தான் இடுப்பு போச்சா என்றான். அன்றையிலிருந்து இரண்டு வாரம் எனக்கு வெறும் துடைப்பக் கம்புதான். தொடை செய்ய வேண்டிய வேலையை முப்பது வருடமாக இடுப்பை வைத்துச் செய்திருக்கிறேனாம். அப்போது யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்க நேரமில்லை.

திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் நான் காணாமல் போவதைப் பார்த்து, போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். அங்கே ஒரு சீனப் பெண், பேங்கில் வேலையாம், நாற்பது கிலோ தூக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடம் பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரித்தாள். அந்தப் பெண் நான்தான் மாதாமாதம் கொடுக்கிறேன் என்றது. அம்மா மறுபடியும் கேட்டாள், மறுபடியும் அதே பதில். அதற்கு மேல் அவளிடம் கேட்க ஒன்றுமில்லை என்று சேதுபதியிடம் வந்து, தம்பி, இதெல்லாம் செஞ்சா எம் பொண்ணுக்கு மறுபடி எலும்பு ஒடையாதா என்றாள். நான் பின்னால் நின்று அவனுக்குக் கண் காட்டினேன். அவன் பார்த்தும் பார்க்காதது போல, ஒடையாதுன்னு நான் சொல்லமாட்டேம்மா, கல்லு கல்லுதான், ஆனா சோர்ந்துபோய் விழறது கொறையும், விழுந்தாலும் சீக்கிரம் தேறி வந்துடுவாங்க என்றான். வியாபாரம் போயிற்று என்று நினைத்தேன். என் கடைப் பையன் இப்படிப் பேசியிருந்தால் மிளகாய் மூட்டைப் பக்கம் அனுப்பியிருப்பேன். நம் வீட்டு லிஃப்டில் ஏறினதும் அம்மா, அந்தத் தம்பி பொய் சொல்லல என்றாள். இரண்டு மாடி கழித்து, நம்ம வீட்டு ஆளுங்களுக்கு அந்தத் தம்பி தேவலை என்றாள். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் டிக்கெட்டை ஆகஸ்டுக்கு மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன். ஜூலையில் ஓட்டிவிட்டு வா.

உன் தாளை அம்மா, பூவம்மாவைச் சொல்லச் சொல்லித் தமிழில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வந்தால், இன்னைக்கு அவளுக்குப் பெட்டி ஏறுற நாள் என்கிறாள், என்னவோ உனக்குப் பரீட்சை போல. இன்னும் ஐம்பதுதானா என்று என்னைக் கேட்கிறாள், எடை கூடினால் எழுது. இக்கான் பிலிஸ் நெத்திலி ஒரு கிலோ வறுத்துப் பார்சல் போட்டிருக்கிறோம், தூக்குகிறவளுக்கு அது நல்லதாம். கடையில் பம்பாய் வெங்காயம் இந்த வாரம் ஈரமாக வந்தது, மாடியில் பரப்பியிருக்கிறேன். டோபி காட்டுக்கு ரயில் வந்த பிறகு சனிக்கிழமை வியாபாரம் பரவாயில்லை. நேற்று புது அரிசிப் பையை உள்ளே வைக்க நான் குனிந்தேன், தள்ளுங்க என்றாள் அம்மா. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு போனாள். ஜிம்மில் அரை மணி நேரம்தான் நின்று பார்த்தாள். எனக்கு இதைப் படிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே. உன் காவல் தூதர் சைக்கிளுக்கு முன்னால் போகட்டும், பின்னால் வந்தால் எட்டிப் பிடிக்க முடியாது. எங்கள் இருவருடைய ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. இனி விழுந்தால் கடை முகவரிக்கு எழுதாதே, வீட்டு முகவரிக்கு எழுது, தமிழில் எழுது.

உன் அப்பா,
அ. லாசரஸ்