பின்னால் நின்று பார்ப்பது

அண்ணா,

இன்று காலை அண்ணி உங்கள் அறையைத் திறந்துவிட்டார். நுழைந்ததும் முதலில் வந்தது கருகிய விளக்கெண்ணெய் வாசனைதான். உங்கள் மாதிரி விமானத்தின் எஞ்சின் குடித்துக் கக்கிய எண்ணெய். இத்தனை மழைக்காலம் கழிந்தும் மரத்திலிருந்தும் துணியிலிருந்தும் அது போகவில்லை. விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த விமானத்தை இறக்கி, சுற்றியிருந்த பழைய வேட்டியை அவிழ்த்துக் கட்டில்மேல் வைத்தோம்.

நாளை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருகிறார். விமானப்படையில் உங்களோடு ரேடியோப் பிரிவில் இருந்தவரின் மகன். விமானத்தையும் அதைத் தரையிலிருந்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரையும் அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று அண்ணி சொல்கிறார். கொடுப்பதில் எனக்கும் தடையில்லை. ஆனால் அதற்கு முன் இதில் சரிசெய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. செய்யாமல் கொடுத்தால் அந்தப் பையன் முதல் திருப்பத்திலேயே இதைத் தரையில் குத்திவிடுவான். தரை என்பது வெறும் தரையாகவும் இருக்காது. எங்கே விமானம் பறந்தாலும் கீழே ஆட்கள் கூடிவிடுகிறார்கள்.

காலையிலிருந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கை வைக்கவில்லை.

நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, கடலைக்காட்டில் இதைப் பறக்கவிடத் தொடங்கியபோது நான் அதை மதிக்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு இது பெரிய ஆளின் பொம்மை என்றுதான் தோன்றியது. விடுமுறையில் வந்திருந்த ஒரு நாள் உங்களுக்கு உதவிக்கு ஆள் இல்லை. வாலைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னீர்கள். உட்கார்ந்தேன். அதன்பின் ஒவ்வொரு விடுமுறையிலும் அது என் வேலை ஆகிவிட்டது.

இறக்கைகளின் பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக, மேலும் கீழும் அசையும் மடல். வாலில் ஒரு சுக்கான். உங்கள் கையில் இருக்கும் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே ஏற வேண்டும், இடது மடல் இறங்க வேண்டும், அப்போது விமானம் வலப்பக்கம் சாயும். சாய்ந்தால் மட்டும் போதாது, அதே நேரத்தில் சுக்கானும் கொஞ்சம் வலப்பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். கடைகளில் கிடைக்காத அந்தச் சேர்க்கையை நீங்களே டிரான்ஸ்மிட்டரைத் திறந்து உள்ளே செய்திருந்தீர்கள். ஒரு குச்சியைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து அசையும். சுக்கானுக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரு சிறு திருகால் கூட்டிக் குறைத்தீர்கள். நான் தாளில் கணக்குப் போட்டு ஓர் அளவு சொன்னேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத் திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்தீர்கள். "கணக்கு சரிதான் அம்மிணி. நம்மூர்க் கணவாய்க் காத்து அதைப் படிக்கோணுமல்ல" என்றீர்கள். பறந்தபோது இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்தான் அது ஒழுங்காகத் திரும்பியது. இரண்டு பேருமே அதைப்பற்றிப் பேசவில்லை.

உங்களிடம் எனக்குப் பிடித்தது சோதனை செய்யும் முறை. விமானத்துக்குப் பின்னால், அதன் மூக்கு பார்க்கும் திசையையே பார்த்து நான் உட்கார வேண்டும். "முன்னால நின்னு பாத்தா வலது எடதாத் தெரியும், பின்னால நின்னு பாரு" என்பீர்கள். எனக்கும் பின்னால் நீங்கள் நிற்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளப் போகிறீர்கள் என்று சொல்லமாட்டீர்கள். நான் திரும்பியும் பார்க்கக் கூடாது. மடலும் சுக்கானும் எப்படிப் போயின என்று நான் உரக்கச் சொன்ன பிறகுதான் நீங்கள் தள்ளியது எது என்று சொல்வீர்கள். "முன்னயே சொல்லிட்டா உன்ர கண்ணு அதையேதான் பாக்கும்." எதையும் எளிதில் நம்பாத எனக்கு அது நல்ல முறையாகப் பட்டது.

நீங்கள் இதைக் கடைசியாக வெளியே எடுத்த மாட்டுப்பொங்கலன்று ஊரே காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தது. கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகளை ஓட்டிக்கொண்டு அப்படியே வந்துவிட்டார்கள். பெண்கள் குழந்தைகளை மடியில் வைத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மாரப்பண்ணன் முன்வரிசையில் இருந்தார். "வெளக்கெண்ணெயக் குடிச்சுப்போட்டு இது மேல போவுது. நாம குடிச்சா வேற பக்கமல்ல ஓடோணும்" என்று அவர் சொல்ல, வரப்பு முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அது நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

எஞ்சினைக் கிளப்பும் முன் சோதனை. "எடது மேல. சுக்கான் எடது" என்றேன்.

"தப்பு. நான் வலதல்ல குடுத்தேன்" என்றீர்கள்.

இறக்கையைக் கழற்றினீர்கள். உள்ளே மடல்களை இழுக்கும் கம்பியை, சர்வோ என்ற சிறு மோட்டாரின் கையில் ஒரு முனையிலிருந்து எடுத்து எதிர்முனைத் துளையில் மாட்டினீர்கள். சுக்கான் கம்பியையும் அப்படியே. மறுபடி இறக்கையைக் கட்டிச் சோதித்தோம். "வலது மேல. சுக்கான் வலது." "இப்ப சரி" என்றீர்கள்.

எனக்குச் சரியாகப் படவில்லை. முந்தின நாள் மாலை இதே விமானம், இதே கம்பிகள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரவில் அதை யாரும் தொடவில்லை. தானாக ஒரு கம்பி துளை மாறி உட்காராது. இன்னொரு முறை தள்ளுங்கள் என்று கேட்டேன். அப்போது உங்கள் விதியை மீறித் திரும்பி உங்கள் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"வலது" என்றீர்கள். விரல் இடப்பக்கம் போயிற்று. "எடது" என்றீர்கள். விரல் மறுபடியும் இடப்பக்கமே போயிற்று. கம்பிகள் முதலில் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. உங்கள் முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. நான் பயந்தது அந்த முகத்தைப் பார்த்துத்தான். விரலைப் பார்த்தபோது அவ்வளவு பயமில்லை.

நீங்கள் எஞ்சினைக் கிளப்பக் குனிந்தீர்கள். நான் வாலை விடவில்லை.

"உடு அம்மிணி."

"இல்லீங்ணா."

"சனம் காத்துட்டிருக்குது பாரு."

"அதனாலதானுங்ணா" என்றேன். பிறகு, வரப்பில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், "குச்சியச் சோத்துக்கைப் பக்கம் தள்ளுங்ணா" என்றேன்.

நீங்கள் தள்ளவில்லை. டிரான்ஸ்மிட்டரைக் கழுத்துப்பட்டையில் தொங்கவிட்டு இரண்டு கைகளையும் விரித்து மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். சோறு தின்னும் கை எது என்று ஐம்பத்தாறு வயதில் கைகளிடமே கேட்பதுபோல. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாடு ஒன்று மணியை ஆட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் வலதுகையை மூடித் திறந்தீர்கள். நான் பார்த்தது என்னவென்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரப்பைப் பார்த்து நீங்களே சொன்னீர்கள்: "காத்து சரியில்லீங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. மாரப்பண்ணன் விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பார்த்து, "காத்து எங்கீங்க போச்சு? பொங்கச்சோறு திங்கப் போயிருச்சாட்ட இருக்குது" என்றார். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். குழந்தைகள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயின. வீட்டுக்கு நடந்து வரும்போது விமானத்தை நீங்கள் தூக்கிக்கொண்டீர்கள், டிரான்ஸ்மிட்டரை என்னிடம் கொடுத்துவிட்டீர்கள். வாசலுக்கு வந்ததும், "அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றீர்கள்.

பிறகு நடந்தது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. மருத்துவர் முதலில் சொன்னதே, வலதுகையால் இடது காதைத் தொடுங்கள் என்பதுதான். தலைக்குள் இருந்த கட்டியை எடுக்க முடியாது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆடிக்காற்று தொடங்கும் முன் நீங்கள் போய்விட்டீர்கள். கடைசி நாட்களில் பேச்சு குறைந்தபின் ஒரு மாலை போர்வைக்கு வெளியே ஒரு கையைத் தூக்கிக் காட்டி என்னைப் பார்த்தீர்கள். "வலது மேலீங்ணா" என்றேன். தலையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்களுக்குத் தேவையாக இருந்தது அந்த விடை மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஆறுதலாக ஏதேதோ சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. உங்களுக்கும் அது தெரியும்.

இது உடன்பிறந்தவர்களுக்கு வருகிற நோயல்ல என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு என்பதும் தெரியும். ஆனாலும் கடிகாரம் கட்டும்போது எந்தக் கை என்று ஒரு நொடி நின்று பார்க்கிறேன். பஸ்ஸில் ஏறினால் இடப்பக்க இருக்கை எது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுவிட்டு மாணவிகளிடம், அது எந்தப் பக்கம் போகிறது, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். அது பாடம் நடத்தும் முறை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இதோ, எழுதுவதை நிறுத்திவிட்டு இறக்கையைக் கழற்றினேன். நீங்கள் அன்று மாற்றி மாட்டிய கம்பிகள் அப்படியே இருக்கின்றன. உங்கள் கை கடைசியாகச் செய்த வேலை. அதை மாற்ற மனம் வராமல்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு கம்பிகளையும் எடுத்துப் பழைய துளைகளில் மாட்டினேன். புது பேட்டரி போட்டேன். சர்வோ முனகியது, உயிர் இருக்கிறது.

ஆனால் தனியாகச் சோதிக்க எனக்குத் துணிவில்லை. தள்ளுவதும் நான், பார்ப்பதும் நான் என்றால் அது சோதனையாகாது. சமையலறையிலிருந்த அண்ணியைக் கூப்பிட்டேன். இதை ஒருநாளும் இயக்கிப் பார்க்காதவர். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். டிரான்ஸ்மிட்டரை அவர் கையில் கொடுத்து, எனக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று சொல்லாமல் குச்சியைத் தள்ளச் சொன்னேன்.

மடல்கள் அசைந்தன.

"வலது மேல. சுக்கான் வலது" என்றேன்.

அண்ணி தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை.

"சோத்துக்கைப் பக்கந்தான் தள்ளுனேன்" என்றார். "சரிதானா அம்மிணி?"

சரிதானுங்க என்றேன். இன்னொரு முறை தள்ளச் சொன்னேன்.