திரும்பிப் போன பதிவுத் தபால்

ஜூலை 7, 2025

மருமகள் கைக்கு ஒரு பைசா போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் நான் வழக்குப் போட்டிருக்கிறேன் என்று மங்களம் மண்ணூர்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய். அது ஸ்ரீகாந்த் கல்யாணத்துக்கு முன்பே எடுத்த ஆயுள் காப்பீட்டு பாலிசி. நாமினி இடத்தில் அம்மா என்று என் பெயரை எழுதினான். பிறகு மாற்றவில்லை. ஆகவே கோரிக்கையும் வழக்கும் என் பெயரில்தான் போகமுடியும். வருகிற தொகை முழுவதும் குழந்தையின் பெயரில் வங்கியில் போடப்படும். வக்கீல் சபீனாவிடம் முதல் நாளே இதைச் சொல்லியாயிற்று.

எனக்கு மறதி வந்துவிட்டது என்றும் சொல்கிறாளாம். எனக்கு வயது எழுபத்திரண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில், தபால் பிரிவில், முப்பத்தொரு வருடம். ஓர் உறை தவறிப் போனதில்லை. அவருடைய தங்கை என்பதால் மங்களத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். அவர் போய் எட்டு வருடம் ஆகியும் பொறுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 9

திருவள்ளூர் நுகர்வோர் ஆணையம். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் பதில் தாக்கல் செய்தார்கள். வராந்தா பெஞ்சில் இடமில்லை. நின்றபடியே சபீனா விளக்கினாள்.

2023 செப்டம்பர் தவணை கட்டப்படவில்லை. அந்த மாதம்தான் ஸ்ரீகாந்த் வேலை மாறினான். சம்பளக் கணக்கும் மாறியது. பழைய கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த தவணை நின்றுவிட்டது. அவன் கவனிக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் பூந்தமல்லியில், வேலை செய்த இடத்திலேயே விழுந்தான்; எழவில்லை. நாற்பத்தொரு வயது. பாலிசி காலாவதி, ஒன்றும் கிடையாது என்றது கம்பெனி. காலாவதியாகப் போகிறது என்று நீங்கள் அறிவிக்கவே இல்லையே என்பது நம் வாதம். ‘இந்த வீட்டுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை’ என்று நான் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இன்று அவர்கள் ஓர் உறையின் நகலைக் கொடுத்தார்கள். பதிவுத் தபால், டிசம்பர் 2023, நம் வீட்டு முகவரி. குறுக்கே ஆங்கிலத்தில்: ஏற்கப்படவில்லை, திருப்பி அனுப்புக.

“பாலிசிதாரரே வாங்க மாட்டேன்னு திருப்பிட்டார்ங்கறாங்க ஆன்ட்டி. மறுத்தா, வாங்கினதுக்குச் சமம். அப்படி ஆயிட்டா நம்ம கேஸ் அவ்ளோதான்.” நகலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். “இது ஸ்ரீகாந்த் சார் எழுத்தா?”

இல்லை என்றேன். அது உண்மை. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் —

அசல் உறையை ஆகஸ்ட் இருபதாம் தேதி கொண்டுவருவார்களாம்.

ஜூலை 10

பீரோவை மூன்று முறை அடுக்கிவிட்டேன்.

ஜூலை 12

நாகம்மாள் இருபது வருடமாக இந்த வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மேசைமேல் இருந்த நகலை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாமா, மூணு நாளா இதையே வெச்சிப் பாத்துகினு கீற? பரிச்சையா?”

வழக்குக் காகிதம் என்றேன். ஸ்ரீகாந்துக்கு வந்த தபால் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

“ஓ, அன்னிக்கு வந்த ரிஜிஸ்டர் தபாலாமா? போஸ்ட்மேன் கைல இருந்து வாங்கி நீ எழுதினியே, அதுவா? நான் வாசல்ல தண்ணி தெளிச்சிகினு இருந்தேன். தம்பிக்கு ஒரு போன் போட்டா வந்து வாங்கிகினு பூடுமேன்னு சொன்னேன். உன் வேலையப் பாருன்ட்ட.”

“இப்போதும் உன் வேலையைப் பார்” என்றேன்.

“அதேதாம்மா அன்னிக்கும் சொன்ன” என்று சொல்லிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்தாள். அவளிடம் குத்தல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அது என் எழுத்து.

நாகம்மாள் சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதினால் அதுவும் பொய். வராந்தாவில் சபீனா நகலைத் தூக்கிப் பிடித்தபோதே தெரியும். தேதி, அதன் கீழே என் சுருக்கொப்பம். தபால் பிரிவில் திரும்பிப் போகிற எந்த உறையிலும் காரணம், தேதி, சுருக்கொப்பம் மூன்றும் இருந்தாகவேண்டும். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் ‘வேண்டாம், கொண்டுபோ’ என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பாள். தபால்காரர் கூட ‘நானே எழுதிக்கிறேன் விடுங்கம்மா’ என்றார். நான் விடவில்லை. நிலைப்படியில் நின்று, முறையாக, அழகாக எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் காரணம் தவறு. ஆள் வீடு மாறியிருந்தால் ‘இங்கிருந்து போய்விட்டார்’ என்று எழுதவேண்டும். புது முகவரி தெரிந்தால் பக்கத்திலேயே அதையும். எனக்குத் தெரியும். வானகரம், மூன்றாவது மாடி, கதவு எண் உட்பட. எழுதியிருந்தால் இரண்டு நாளில் அவன் கையில் இருந்திருக்கும். ஜனவரி முடிவதற்குள் கட்டினால் பாலிசி தொடரும் என்று அதற்குள் இருந்ததாம். கட்டியிருப்பான். மின்கட்டணத்தையே முதல் நாளில் கட்டுகிறவன்.

போய்விட்டான் என்று என் கையால் எழுத வரவில்லை. ஏற்கப்படவில்லை என்று எழுதினேன். எது ஏற்கப்படவில்லை? தபாலா?

2022 ஜூனில் போனார்கள். மருமகள் மோகனப்பிரியா ஒரு பள்ளிக்கு வேலைக்காக எழுதிய விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். கேட்காமலே சிவப்பு மையில் திருத்தி அங்கேயே வைத்தேன். பதினோரு திருத்தம். ‘அவ உன் ஆபீஸ் கிளார்க் இல்லமா’ என்று ஸ்ரீகாந்த் சொன்னான். ‘அப்படி இருந்திருந்தால் இத்தனை பிழை இருக்காது’ என்றேன். அந்த வாரமே வேன் வந்தது.

பிரமாணப் பத்திரம்? கையெழுத்திடும்போது என்ன நினைத்தேன்? வாங்கவில்லை, ஆகவே வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்காததும் வராததும் ஒன்றா? எந்த ஆபீசில் ஒன்று? என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன் நான். பெத்த பிள்ளைக்கு வந்த காகிதத்தை —

ஜூலை 14

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 16

மங்களம் வந்தாள். நாகம்மாள் அவள் காதில் போட்டிருக்கிறாள். கேட்காமலே காபி கலந்து கொடுக்கிறவள், வாயை மட்டும் மூடுவாளா?

“இதுல யோசிக்க என்ன அண்ணி இருக்கு? போஸ்ட்மேன் எழுதினதுன்னு சொல்லிடுங்க. அவர் ரிடையர் ஆகி எங்க இருக்காரோ. எழுத்து யாருதுன்னு எவன் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறான்?”

“என் எழுத்தை எஸ்டேட்டில் பாதிப் பேருக்குத் தெரியும்.”

“ஆமா, பெரிய மகாராணி முத்திரை.” காபியை ஆற்றினாள். “இல்ல, நிஜத்தைச் சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. அந்தப் பொண்ணு அதோட உங்கள மாமியார்னு நெனைக்கிறதையும் விட்டுடும். இப்பவே பதினாறாம் நாளுக்கு அப்பறம் இந்தப் பக்கம் தலைகாட்டல.”

முதன்முறையாக அவள் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை.

ஜூலை 18

பஸ் பிடித்து வானகரம் போனேன். எதற்கு? தெரியாது. மெட்ரோ வேலைக்காகச் சாலையை வளைத்துவிட்டார்கள். பஸ் ஒரு மணி நேரம் ஊர்ந்தது. எதிர்ச் சாரியில் பழக்கடை ஓரம் நின்றேன். நாலேகாலுக்கு மோகனப்பிரியா ஸ்கூட்டரில் வந்தாள். குழந்தை முன்னால் நின்றுகொண்டு வந்தது. இறங்கியதும் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு விறைப்பாக நடந்தது. ஐந்து வயது. தோள் ஸ்ரீகாந்த் தோள். மோகனப்பிரியா இளைத்திருக்கிறாள்.

கூப்பிடவில்லை.

“இன்னா பாட்டி, பழம் வாங்கறியா, சும்மா நிக்கிறியா?” என்றான் கடைக்காரன். அரை டஜன் மலை வாழைப்பழம் வாங்கினேன். யாருக்கு? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 21

பூந்தமல்லியில் சபீனாவின் அலுவலகம். உட்காராமலே சொல்லிவிட்டேன். எழுத்து, தேதி, கோபம், வானகரம் முகவரி தெரிந்தும் எழுதாதது, எல்லாம்.

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“உக்காருங்க ஆன்ட்டி. நீங்க சொல்றது நமக்கு எதிரா இல்ல. சொல்லாம இருந்ததுதான் எதிரா இருந்துச்சு. அவர் மறுத்தார்னாதான் வாங்கினதுக்குச் சமம். மறுத்தது நீங்க. அவர் அந்த வீட்லயே இல்ல. கவர் திரும்பி வந்ததும் கம்பெனிக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆளுக்குப் போய்ச் சேரலன்னு. போன் நம்பர் ஃபைல்லயே இருக்கு. ஒரு கால் பண்ணல, நேரா காலாவதின்னு எழுதிட்டாங்க.”

“ஜெயிக்குமா?”

“ஜெயிக்கலாம். ஆனா மொதல் பிரமாணத்துல வேற சொல்லியிருக்கீங்க. கூண்டுல நிக்க வெச்சுக் கேப்பாங்க. கிழிப்பாங்க. புள்ளைக்கு வந்த லெட்டரை ஏன் திருப்பினீங்கன்னு நாலு பேர் முன்னாடி கேப்பாங்க. உங்களால முடியுமா?”

முடியும் என்றேன்.

“இன்னொண்ணு. அவர் ஜூன் 2022லேர்ந்து வானகரத்துலதான் இருந்தார்னு மோகனப்பிரியா சொல்லணும். வாடகை ஒப்பந்தம் அவங்ககிட்டதான இருக்கும். நான் போன் பண்ணட்டுமா?”

வேண்டாம், அது என் வேலை என்றேன். இது முடியுமா என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 22, 23

இரண்டு நாளும் தொலைபேசியை எடுத்து வைத்து, எடுத்து வைத்து. ஒரு முறை மணி போயிற்று; எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். உடனே அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. கோழை.

ஜூலை 25

அம்பத்தூர் ஓ.டி.யில் நோட்டரி முன்னால் புதிய பிரமாணப் பத்திரம். ‘தவறுதலாகத் திருப்பி அனுப்பிவிட்டேன்’ என்று சபீனா அடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

“தவறுதலாக இல்லை” என்றேன்.

“ஆன்ட்டி, அந்த ஒரு வார்த்தை இருந்தா உங்களுக்கு நல்லது. வயசானவங்கன்னு விட்டுடுவாங்க.”

“அதற்குத்தான் வேண்டாம் என்கிறேன்.”

“இவங்க சாட்சியா நின்னா எதிர்த்தரப்பு வக்கீல் பாவம்” என்று நோட்டரியிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, பின்னால் வரிசை நீண்டிருந்தது. கடைசியில் ‘மகன் மீதிருந்த கோபத்தில், தெரிந்தே’ என்று மாற்றினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காவதை வைத்துக்கொண்டேன். நாளை காலை தபாலில் சேர்க்கிறேன். நகல்:

மோகனப்பிரியாவுக்கு,

இத்துடன் என் புதிய பிரமாணப் பத்திரத்தின் பிரதி இருக்கிறது. மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதற்கு முன் அதைப் படித்துவிடு. ஸ்ரீகாந்துக்குக் கம்பெனி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தை வாசலிலேயே திருப்பியது நான். உங்கள் முகவரி எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுக்கவில்லை. அவன் கவனக்குறைவால் பாலிசி போயிற்று என்று பதினாறாம் நாளன்று உறவினர் முன்னால் நான் சொன்னேன். நீ எழுந்து போனாய். அவனுடைய கவனக்குறைவு பாதிதான். மீதி என்னுடையது. அன்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

புதன்கிழமை உனக்கு வந்த அழைப்பு என்னுடையதுதான். பேச முடியவில்லை.

உன்னிடம் வேண்டியது ஒன்று. 2022 ஜூன் முதல் நீங்கள் மூவரும் வானகரத்தில்தான் குடியிருந்தீர்கள் என்று ஒரு வாக்குமூலம், வாடகை ஒப்பந்தத்தின் பிரதி. இது எனக்காக அல்ல, குழந்தைக்காக என்று எழுதி உன்னை நெருக்க மாட்டேன். எனக்காகவும்தான் கேட்கிறேன். வழக்கு தோற்றாலும், அந்த உறையை மறுத்தது அவன் இல்லை என்று ஓரிடத்தில் பதிவாகவேண்டும்.

கொடுக்க உனக்கு மனமில்லை என்றால் கொடுக்காதே. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இராது. ஆனால் அடுத்த விசாரணை ஆகஸ்ட் 20. கொடுக்கிறாயா இல்லையா என்பதை ஆகஸ்ட் 10க்குள் எனக்கு எழுத்தில் தெரிவி.