காட்டுக்காரர்களும் மணற்காரர்களும்

மே 11, டான்யூபின் வடகரை

மழை. ஆறு இன்னும் ஏறுகிறது. ஹூணர்களுக்குப் பயந்து ஓடிவந்த எங்கள் கோத்துச் சனம் கரை நெடுக வண்டிகளை அவிழ்த்துப் போட்டிருக்கிறது. தென்கரை ரோமானியர்களுடையது. பேரரசர் சம்மதித்தால்தான் படகு. ரனில்டா ஈர விறகோடு மல்லுக்கட்டித் தினைக்கூழ் காய்ச்சினாள். "வீட்டைக் கொளுத்திட்டுக் கிளம்பறப்ப அழல. இந்தப் புகைக்கு அழறேன் பாருங்க" என்று சிரித்தாள்.

மே 19

வாடமர் வந்து சேர்ந்தான். என் சகலை, ரனில்டாவின் தங்கையைக் கட்டியவன். ஒற்றை எருது, நடை பழகிய மகள் மாமிகா, பின்னால் அவன் ஊர் வண்டிகள். தங்கை இல்லை. வழியில் காய்ச்சலாம். புல்வெளியிலேயே புதைத்துவிட்டான். ரனில்டா குழந்தையை வாங்கி மடியில் போட்டுப் பேன் பார்க்க உட்கார்ந்தாள்.

மே 20

எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 2

அனுமதி வந்துவிட்டது. ஆனால் தெர்விங்குகளுக்கு மட்டும் — அதாவது காட்டுக்காரர்களான எங்களுக்கு. வாடமர் கிரூதுங்கு, மணற்காரன். அவர்களும் கோத்துகள்தான், ஆனால் அவர்களுக்கு இடமில்லையாம்.

ரோமானியக் கோட்டையில் தோல் விற்ற நாளில் லத்தீன் பழகியிருந்தேன். அதனால் படகுத்துறையில் என்னை மொழிபெயர்க்க நிறுத்தியிருக்கிறார்கள். "நம்மாளுன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே" என்கிறாள் ரனில்டா.

ஞாயிறுதோறும் நற்செய்தி வாசிக்கிற வாய் இது. சொல்லலாமா? சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 4

வாடமரிடம் சொன்னேன். "துறையில நீ வாயத் தெறக்காத. பேச்சே காட்டிக்குடுத்துரும்."

"என்னையும் காட்டுக்காரனாக்கப் பாக்குறியா சகல? எங்கப்பன் குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்துருவான்."

"நம்ம முன்னோருங்க எல்லாருமே வடகடல்லேர்ந்து கப்பல்ல வந்தவங்கதானே? அப்ப ஏது காடு, ஏது மணல்?"

"வாந்தி எடுத்துக்கிட்டே வந்திருப்பானுங்க. நீ யாரு, நான் யாருன்னு கேக்கவா நேரம்?"

சிரித்தான். மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 7

எங்கள் முறை. "இவன் யார்?" என்றார் அதிகாரி. தெர்விங்கு என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்தது.

வாடமர் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டான். அப்போது கரையிலிருந்து அவன் ஊர்க்காரி ஒருத்தி கத்தினாள்: "வாடமரு! ஒன்ன நம்பித்தானேய்யா வந்தோம்!"

நின்றான். குழந்தையை ரனில்டா கையில் கொடுத்தான். அதிகாரியைப் பார்த்து, மணற்காரர் பேச்சிலேயே, உரக்கச் சொன்னான்: "நான் கிரூதுங்கு." மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் தோளில் பிரம்படி விழுந்தது. குழந்தை யாருடையது என்று அதிகாரி கைகாட்டினார். நான் வாய் திறப்பதற்குள் ரனில்டா "என்னுது" என்றாள்.

படகு நகர்ந்தது. அடப்பாவி, என்னடா பண்ணிட்ட! ஒரு எட்டுதானேடா மிச்சம்!

ஜூலை 15, தென்கரை

ரோமானியர்கள் அனுப்புவதாகச் சொன்ன தானியம் வரவில்லை. மாமிகா அப்பன் எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் ரனில்டாவுக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 22

எங்களை உள்நாட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். காவலுக்கு ஆள் போதாமல் கரைப் படையையும் கூட்டிவந்துவிட்டார்கள். அப்படியானால் ஆற்றங்கரையில் யார் இருக்கிறார்கள்?

செப்டம்பர் 3

மணற்காரர்கள் கட்டைகளைப் பிணைத்து ஆற்றைக் கடந்துவிட்டார்களாம். யார் யார் என்று தெரியவில்லை. ரனில்டா கூழில் ஒரு கை தினை கூடப் போட்டாள். நான் இன்னொரு கிண்ணம் எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 10

வாடமர் வந்தான். எலும்பும் தோலுமாக, ஆனால் அந்த ஊர்க்காரியும் மற்றவர்களும் கூடவே. மாமிகா முதலில் ரனில்டா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாலைக்குள் அவன் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 14

அவர்கள் வண்டிகளும் எங்கள் வண்டிகளும் ஒரே வட்டமாக நிற்கின்றன. புதிதாக வந்த அதிகாரி குதிரையிலிருந்து இறங்காமலே கேட்டார், "இவர்களெல்லாம் யார்?"

"கோத்துகள்" என்றேன்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."