தென்றல் எடுத்த புத்தகம்

ஜூலை 8, செவ்வாய்

இன்று நூலகத்தில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகள் நாற்பது பேர். சரி, பதினான்கு. நாற்காலி பன்னிரண்டுதான். என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இந்த வயசுப் பிள்ளைகள் மழைக்குக்கூட இங்கே ஒதுங்கியதில்லை. நான் அட்டெண்டர்தான், ஆனால் வில்லியனூர் கொம்யூன் கிராமங்கள் முழுக்க "லைப்ரரி பச்சையப்பன்" என்று கேட்டுப் பார்க்கட்டும், தெரியும்.

எல்லாம் புது நூலகர் விஜயராணி மேடம் வந்த நாலு மாதத்தில். நான் ஒட்டிய 'பேசாதே' அட்டையைக் கழற்றினார். பின்னறையைப் பிள்ளைகளுக்கே விட்டார். இதைப் படி, அதைப் படி என்று சொல்வதில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கிறார். அவ்வளவுதான். இது என்ன வித்தை?

ஜூலை 10, வியாழன்

பலராமன் மகள் தென்றல் ஒரு புத்தகம் எடுத்தாள். மனச்சோர்வு பற்றி ஒரு டாக்டர் எழுதியது. பதிவேட்டில் எழுதியது நான்தான்.

சாயந்திரம் டீக்கடையில் பலராமன் இருந்தான், திருவாண்டார்கோயில் கம்பெனி ஷிப்ட் முடிந்து. நாலு பேருக்கு முன்னால் அவனைப் பெருமைப்படுத்தினேன். "உம் பொண்ணு மனசு டாக்டராவப் போவுதுபா! தலகாணி சைஸ் புக்கு, அதாங் கையில எந்நேரமும். பிள்ளையார்குப்பம் மெடிக்கல் காலேஜ்ல சீட்டு ரெடி!" (புத்தகம் தொண்ணூறு பக்கம். அதனால் என்ன?)

"பைத்தியத்துக்குப் பாக்குற புக்கா மாமா?" என்று ஒருத்தன் சிரித்தான்.

பலராமன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

ஜூலை 11, வெள்ளி

தென்றல் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பலராமன் மனைவி ஆண்டாள் வந்து புத்தகத்தை மேசையில் வைத்தாள். "எம் பொண்ணுக்கு ஒன்னும் இல்ல. தெருவே கேக்குது. அவங்கப்பா அறைஞ்சி கார்டக் கிழிச்சிட்டாரு. இனிமே வரமாட்டா."

கேட்டுக்கொண்டிருந்த மேடம் திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். திட்டவில்லை.

"நல்லதுக்குத்தானே மேடம் சொன்னேன்?"

"யாருக்குண்ணே நல்லது?"

பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினேன். அதில் தூசியே இல்லை.

"அப்பாகிட்ட அப்புறம் போலாம். மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேளுங்க."

ஐம்பத்தேழு வயசுக்காரன், பதினாறு வயசுப் பெண்ணிடம். இதெல்லாம் எந்த ஊர் வழக்கம்?

ஜூலை 16, புதன்

கேட்டேன். பஸ் ஸ்டாப்பில். "தப்பாயிடுச்சி பாப்பா."

தென்றல் பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே சொன்னாள். "அது எனக்கில்ல மாமா. எங்கூடப் படிக்கிறவளுக்கு. சாப்புடறதில்ல. செத்துட்டா நல்லாருக்கும்னு சொல்லிக்கினே இருக்கா. அவகிட்ட இன்னா பேசறதுன்னு தெரியல, அதான் எடுத்தேன்."

"இத அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"யாருன்னு கேப்பாரு. பேரு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"மேடத்துகிட்டயாவது?"

"அவளையே கூட்டிக்கினு வரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க..." பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அறை வாங்கியும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். எவ்வளவு பெரிய ஆள் இந்தப் பிள்ளை! புளி விலை ஏறினாலே தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருகிறவன் நான்.

ஜூலை 17, வியாழன்

அதே டீக்கடை, அதே நாலு பேர். பலராமனிடம் சத்தமாகவே சொன்னேன். "உம் பொண்ணுக்கு ஒன்னும் இல்லபா. நான்தான் கத கட்டி வுட்டேன். சொல்லியிருக்கவே கூடாது. இனிமே எந்தப் புள்ள இன்னா படிச்சாலும் என் வாயில வராது. அவள அனுப்பு."

"மாமா வாய மூடப் போவுதாம்! கொட எடுத்துக்கினு வாங்கடா!"

ஒரே சிரிப்பு. பலராமன் மட்டும் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்த இன்னொரு பெண் இன்று சாப்பிட்டிருக்குமா?

ஜூலை 30, புதன்

போன வாரம் மேடம் பின்னறையில் ஓர் அலமாரி வைத்தார். மனசு, உடம்பு, வீட்டில் குடி என்று இந்த மாதிரிப் புத்தகங்கள். கார்டு வேண்டாம், கையெழுத்து வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம். பாதி களவு போகும் என்றேன். இன்று எண்ணினேன். வைத்தது முப்பத்தொன்று. இருப்பது முப்பத்திரண்டு. இரண்டு தரம் எண்ணினேன். எந்தப் பிள்ளையோ தன் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்திருக்கிறது!

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பலராமன் அனுப்பிவிட்டான். நாலேகாலுக்குத் தென்றல் வந்தாள். கூட இன்னொரு பெண். தென்றல் அவள் கையை விடவே இல்லை.

நான் பின்னறையில் ஃபேனைப் போட்டேன், மேடத்தைக் கூப்பிட்டேன், வெளியே வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். நாளைக்கு மேடமே அந்தப் பெண்ணோடும் அவள் அம்மாவோடும் டாக்டரிடம் போகிறார்.

டீக்கடையில் கேட்டார்கள். "லைப்ரரியில இன்னா விசேஷம் மாமா? மேடம் இன்னும் வூட்டுக்குப் போவலியே?"

"பிரான்ஸ்லேருந்து ஃபேன் வந்திருக்குதுபா. ஏழு றெக்க. மாட்டிக்கினு இருக்காங்க."

நம்பிவிட்டார்கள்.

அந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இங்கேயும் எழுதப் போவதில்லை.