ராத்தாவின் ஆறாவது

நவம்பர் 4, செவ்வாய்

விடிய முதலே மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. மு.ப. கிளினிக், என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவோடு. அவளுக்கு எட்டாம் மாதம், ஆறாவது பிள்ளை. எனக்கு ஐந்தாம் மாதம், இரண்டாவது.

போன பேற்றிலேயே அவளுக்கு இரத்தம் நிற்காமல் போனது. அப்போதே ஆஸ்பத்திரியில் பிள்ளை போதும் என்றார்கள். பால் கொடுக்கும் வரை கரு தங்காது என்று உம்மா சொன்னதை நம்பியிருந்தாள். இன்று பிரசரும் கூடியிருக்கிறது. டாக்டரின் முகம் சரியில்லை.

பிள்ளை தங்காமல் இருக்க என்னென்ன உண்டு என்று மிட்வைஃப் மிஸ் எல்லாம் காட்டினார். மாத்திரை, ஊசி, லூப், கைத்தோலுக்குள் வைக்கும் குச்சி. நான் குச்சியைத் தொட்டுப் பார்த்தேன். ராத்தா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அந்தக் குச்சி உடம்புக்குள் ஓடிப் போய்க் கல்பில், நெஞ்சுக்குள் குத்துமாம். ஆட்டோவில் வரும்போது சொன்னாள்.

நவம்பர் 8, சனி

வெயில் கொஞ்சம். கீரிமீன் வாங்கினேன், வெடில் நாற்றம் தாங்காமல் உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ராத்தாவின் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தலையிடியாம். ஆஸ்பத்திரி வாட்டில் வந்து நிற்கச் சொல்லியும் போகவில்லை, பிள்ளைகளை யார் பார்ப்பது என்கிறாள். ராத்தாவின் புருஷன் மச்சானோ அவள் சொல்லுக்கு மறுசொல் பேசாத மனிதர்.

பேற்றுக்குப் பிறகாவது குச்சி வைப்போம் என்று அவளிடம் மெல்லக் கதைத்தேன்.

"என்ட வயித்த ஆரும் அடைக்க வேணாம் புள்ள. அல்லாஹ் தாறத நான் பெறுறன்."

அவள் காலுக்குத் தலையணை வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கரண்ட் இல்லை. சுபஹ் தொழுது முடிய ராத்தா கூப்பிட்டாள். பாயெல்லாம் இரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

ஆண் பிள்ளை. சுகம்.

இரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சும் என்றார்களாம். மச்சான் ஓம் என்று சொல்லிவிட்டு வராந்தாச் சுவரோடு குந்திவிட்டார். அழவும் இல்லை.

உம்மா: "பச்ச உடம்பு. இப்ப அவளுக்கிட்ட ஒண்டும் செல்ல வேணாம்."

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டபாடில்லை. வாட்டுக்குக் கஞ்சி, பிள்ளைக்குத் துணி. ராத்தா இன்றுதான் சாய்ந்து இருந்தாள். உதடெல்லாம் வெளிறி. கர்ப்பப்பையை எடுத்தது அவளுக்கு இன்னும் தெரியாது. பிள்ளை நன்றாகக் குடிக்கிறது.

என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"நான் நல்லாப் பயந்திட்டன் புள்ள. வீட்ட போக முதல் மிஸ்ஸிட்ட அந்தக் குச்சிய வெச்சித் தரச் செல்லு. இனித் தங்கினா உசிரு மிஞ்சாது, மௌத்தாகிடுவன்."

கதவடியில் மச்சான். தலையைக் குனிந்துகொண்டார்.

மிஸ்ஸிடம் சொல்கிறேன் என்றேன்.